உருவத்தைப் பெரிதாக்கும் கணக்கு: விரல் மையத்தில் இருக்கட்டும்

சனிக்கிழமை காலையில் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருவார்கள். டியூஷனை மொரீஷியஸில் ‘லெசோன்’ என்பார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் கேம்பிரிட்ஜின் ஸ்கூல் சர்டிஃபிகேட் தேர்வு. நகர்த்துவது, கண்ணாடி போட்டுத் திருப்புவது, சுழற்றுவது எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிற பிள்ளை, உருவத்தைப் பெரிதாக்கும் ‘என்லார்ஜ்மென்ட்’ என்றதும் பென்சிலைக் கடிக்க ஆரம்பிக்கிறது.

பெருக்கல் தெரியாமல் யாரும் இதில் தோற்பதில்லை. எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாமல்தான் தோற்கிறார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் அம்மா அப்பாக்களுக்காகவும், தாமே படித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவும் நான் சொல்லித்தரும் வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. உட்காரும் முன்

கூராகச் சீவிய பென்சில், ரப்பர், 30 செ.மீ. ஸ்கேல், கட்டம் போட்ட தாள், ஒரு காம்பஸ். ஸ்கேல் அடியில் இருப்பது தெரிகிற கண்ணாடி ஸ்கேலாக இருந்தால் நல்லது. கோடு எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வைக்கலாம். 15 செ.மீ. குட்டி ஸ்கேல் பென்சில் டப்பாவுக்குப் பொருந்தும், இந்தக் கணக்குக்குப் பொருந்தாது. பாதியில் நிறுத்தி, நகர்த்தி வைத்து மறுபடி இழுத்தால் கோடு கொஞ்சம் வளைந்துவிடும்.

பென்சில் மொட்டையாக இருந்தால் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலம் வரும். மூன்று மடங்கு பெரிதாக்கினால் அந்தப் பிழையும் மூன்று மடங்காகும். வகுப்பு தொடங்கியதும் முதலில் சீவச் சொல்வது இதனால்தான்.

தெரிந்திருக்க வேண்டியது இரண்டு: ஆயத்தொலைவுகளைப் பார்த்துப் புள்ளி வைப்பது, குறை எண்களைக் கூட்டிக் கழிப்பது. மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழித்தால் எவ்வளவு என்று கேளுங்கள். ‘ஒன்று’ என்று பதில் வந்தால் இன்றைக்கு இந்தப் பாடம் வேண்டாம். அதைச் சரிசெய்துவிட்டு நாளைக்கு வாருங்கள்.

2. கேள்வியில் மையத்தையும் மடங்கையும் வட்டமிடுங்கள்

பெரிதாக்கச் சொல்லும் ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு தகவல் இருக்கும். ஒன்று அளவு காரணி, அதாவது எத்தனை மடங்கு. கேள்வித்தாளில் இது ‘ஸ்கேல் ஃபேக்டர்’. இன்னொன்று மையம். மடங்கை எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிடுவார்கள். மையம் கண்ணில் படுவதில்லை, அல்லது பட்டும் பொருட்படுத்துவதில்லை.

மையம் எதற்கு? கரண்ட் போன இரவில் டார்ச்சை வைத்துச் சுவரில் கை நிழல் காட்டியிருப்பீர்கள். அங்கே டார்ச்தான் மையம். டார்ச்சை இரண்டு விரற்கடை இடது பக்கம் நகர்த்தினால் நிழல் சுவரில் வேறிடத்துக்குப் போய்விடும். நிழலின் அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது. காரணி ‘எவ்வளவு பெரிது’ என்பதைச் சொல்கிறது, மையம் ‘எங்கே’ என்பதைச் சொல்கிறது. ஒன்றை விட்டாலும் விடை பாதிதான்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே அளவு காரணி கொடுத்து வடிவொத்த முக்கோணம் வரைந்திருப்பீர்கள். அதில் முக்கோணத்தின் ஒரு முனையே அசையாமல் நிற்கும். அதிலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் இழுத்துச் சம பாகங்கள் வெட்டி இணைகோடு வரைவோம். அந்த முனைதான் அங்கே மையம், ஆனால் யாரும் அப்படிப் பெயர் சொல்லவில்லை. இங்கே மையம் தாளில் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். நானும் இங்கு வந்த புதிதில் பழைய முறையிலேயே சொல்லிக்கொடுத்து ஒரு பெண்ணை நன்றாகக் குழப்பியிருக்கிறேன்.

3. வரையும் முன் ஊகித்துச் சொல்லுங்கள்

காரணி 1-ஐ விடப் பெரிது என்றால் புது உருவம் மையத்தை விட்டு விலகிப் போய்ப் பெரிதாகும். 0-வுக்கும் 1-க்கும் இடையில் என்றால் மையத்தை நோக்கி வந்து சிறுக்கும். குறை எண் என்றால் மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் தலைகீழாக நிற்கும்.

இதைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தாளில் அந்த இடத்தை விரலால் காட்ட வேண்டும். பத்து வினாடி வேலை. பிறகு புள்ளி வேறெங்காவது விழுந்தால் உடனே சந்தேகம் வரும். ஊகிக்காமல் வரைகிற பிள்ளைக்கு எங்கே விழுந்தாலும் சரியாகத்தான் தெரியும்.

4. கட்டத்தாளில்: மையத்திலிருந்து முனைக்கு எண்ணுங்கள்

ஒரு முக்கோணம் எடுத்துக்கொள்வோம். முனைகள் அ (3, 3), ஆ (4, 3), இ (3, 5). மையம் ம (1, 2). காரணி 3.

விரலை ம-வில் வையுங்கள். அங்கிருந்து அ-வுக்கு எப்படிப் போவது? வலப்பக்கம் 2 கட்டம், மேலே 1 கட்டம். இரண்டையும் மூன்றால் பெருக்குங்கள்: வலம் 6, மேல் 3. இப்போது விரலை மறுபடி ம-வுக்கே கொண்டுபோங்கள். அங்கிருந்து வலம் 6, மேல் 3 எண்ணினால் (7, 5). அதுதான் அ-வின் பிம்பம்.

‘மறுபடி ம-வுக்கே’ என்பதை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகள் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். அ-வரை எண்ணி வந்த விரல் அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்தே 6, 3 என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

மற்ற இரண்டும் அப்படியே. ம-விலிருந்து ஆ: வலம் 3, மேல் 1. மூன்று மடங்கு 9, 3. பிம்பம் (10, 5). ம-விலிருந்து இ: வலம் 2, மேல் 3. மூன்று மடங்கு 6, 9. பிம்பம் (7, 11).

சரிபார்ப்போம். பழைய முக்கோணத்தில் அடிப்பக்கம் 1, நிமிர்ந்த பக்கம் 2. புதியதில் அடிப்பக்கம் 7 முதல் 10 வரை, அதாவது 3. நிமிர்ந்த பக்கம் 5 முதல் 11 வரை, அதாவது 6. படுத்த பக்கம் படுத்தபடியே, நின்ற பக்கம் நின்றபடியே இருக்கிறது. பெரிதாக்கும்போது ஒவ்வொரு பக்கமும் தன் பழைய பக்கத்துக்கு இணையாகவே இருக்கும், கோணம் எதுவும் மாறாது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எங்கோ ஒரு முனையைத் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள்.

இனி, தப்பான விடைகளைப் பார்ப்போம். என் அனுபவத்தில் இரண்டுதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, விரல் முனையிலேயே நின்றுவிட்டது. அ-விலிருந்து 6, 3 எண்ணினால் (9, 6) வரும். மூன்று முனைக்கும் இதே தப்பைச் செய்தால் (9, 6), (13, 6), (9, 14). அளந்து பாருங்கள்: அடிப்பக்கம் 4, நிமிர்ந்த பக்கம் 8. உருவம் அழகாக, கோணம் பிசகாமல், நான்கு மடங்கு பெரிதாகி நிற்கிறது! முனை வரை வந்த தூரம் ஒரு மடங்கு, அதற்கு மேல் மூன்று மடங்கு, ஆக நான்கு. படம் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. கேட்ட மடங்கை விட ஒன்று கூடுதலாக வந்திருந்தால் காரணத்தைத் தேடிப் போக வேண்டாம், இதுதான்.

இரண்டாவது, மையத்தைப் பார்க்காமல் ஆயத்தொலைவுகளை நேரே மூன்றால் பெருக்கியது: (9, 9), (12, 9), (9, 15). அளவு சரி, இடம் தப்பு. ஆதிப்புள்ளி, அதாவது (0, 0), மையமாக இருந்தால் இதுவே சரியான விடை. ஆதிப்புள்ளியிலிருந்து முனைக்குள்ள தூரங்கள்தானே ஆயத்தொலைவுகள். பல வகுப்புகளில் எளிதாக இருக்கட்டும் என்று ஆதிப்புள்ளியை வைத்தே பாடத்தைத் தொடங்குகிறார்கள். அதில்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. நான் வேறு மையத்தில் தொடங்கி, நன்றாகக் கைவந்த பிறகே ஆதிப்புள்ளிக்கு வருவேன்.

5. கட்டமில்லாத தாளில்: கோட்டை நீட்டுங்கள்

மையத்திலிருந்து முனை வழியாக ஒரு கோடு, முனையைத் தாண்டித் தாராளமாகப் போகட்டும். லேசாக இழுங்கள். மையத்திலிருந்து முனைவரை அளந்து, மடங்கால் பெருக்கி, மையத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து அதே கோட்டில் குறியுங்கள்.

காரணி முழு எண் என்றால் எண்ணே தேவையில்லை. காம்பஸை மையத்துக்கும் முனைக்கும் விரித்து, அதே விரிப்பில் கோட்டின்மேல் அடி வைத்து நடந்துபோங்கள். முனை முதல் அடி. மூன்று மடங்குக்கு அதற்குப் பிறகு இன்னும் இரண்டே அடி. இங்கேயும் மூன்று அடி கூடுதலாக வைப்பவர்கள் உண்டு, மேலே சொன்ன அதே தப்பு.

எல்லா முனைக்கும் கோடு போட்டு முடித்த பிறகே புள்ளிகளைச் சேருங்கள். ஒரு முனையை மட்டும் கண்டுபிடித்துவிட்டு மிச்சத்தைக் கண்ணால் பார்த்து வரைகிற அவசரம் பையன்களிடம் அதிகம். வரைந்து முடித்ததும் உதவிக்கோடுகளை அழிக்க வேண்டாம். திருத்துபவருக்கு உங்கள் முறை அதில்தான் தெரியும்.

மையம் உருவத்துக்கு உள்ளே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் போகும், புது உருவம் பழையதைச் சுற்றி வளைத்து நிற்கும். மையம் ஒரு முனையிலேயே இருந்தால் அந்த முனை நகராது. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

6. காரணி பின்னமாக வந்தால்

முறை அப்படியேதான். அரை என்றால் எண்ணியதில் பாதி. மேலே கிடைத்த பெரிய முக்கோணத்தை எடுத்து, அதே மையத்தில், மூன்றில் ஒரு பங்கு காரணியோடு வரையச் சொல்லுங்கள். (7, 5) என்ற முனைக்கு ம-விலிருந்து வலம் 6, மேல் 3. மூன்றில் ஒரு பங்கு 2, 1. திரும்ப (3, 3). பழைய முக்கோணமே வந்துவிடும். விடையைச் சோதிக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இங்கே தடுக்குவது சொல்தான். கேம்பிரிட்ஜ் கேள்வித்தாளில் உருவம் சிறுத்தாலும் பெயர் என்லார்ஜ்மென்ட்தான். எங்கள் பிள்ளைகள் பேசுவது கிரியோல், பத்திரிகை படிப்பது பிரெஞ்சு. அந்த மொழியில் பெரிதாக்குவதற்கு ‘அக்ராந்திஸ்மான்’, சிறிதாக்குவதற்கு ‘ரெதுக்சியோன்’ என்று தனித்தனிச் சொல். பக்கத்துத் தீவு ரீயூனியனில் பிரெஞ்சுப் பாடத்திட்டம் என்பதால் அங்கே இரண்டுக்கும் பொதுவாக ‘ஓமோத்தேத்தி’ என்று படிக்கிறார்கள். அது குழப்பமில்லாத பெயர். நம் பிள்ளை ‘சிறிசாகுதே மிஸ், அப்புறம் எப்படிப் பெரிசாக்குறது?’ என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பெயர் அப்படி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

7. காரணி குறை எண்ணாக வந்தால்

அதே முக்கோணம், அதே மையம், காரணி குறை 2. ம-விலிருந்து அ-வுக்கு வலம் 2, மேல் 1. இரண்டு மடங்கு 4, 2. குறை என்பதால் திசை இரண்டையும் திருப்புங்கள்: இடம் 4, கீழ் 2. (1, 2)-இலிருந்து எண்ணினால் (-3, 0). ஆ-வுக்கு இடம் 6, கீழ் 2: (-5, 0). இ-க்கு இடம் 4, கீழ் 6: (-3, -4).

ஏன் தலைகீழாகிறது? அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டுச் செய்யும் கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னைமரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியாக நுழைந்து பெட்டிக்குள் கீழே விழுகிறது. அடியிலிருந்து வருவது மேலே விழுகிறது. துளைதான் மையம்.

ஒரு திசையை மட்டும் திருப்பிவிட்டு மறந்துபோவதுதான் இங்கே வழக்கமான தப்பு. அப்போது முனையும் மையமும் பிம்பமும் ஒரே கோட்டில் வராது. ஸ்கேலை மூன்றின்மேலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கோட்டில் நின்று, மையம் நடுவில் இருந்தால் சரி.

குறை 1 வந்தால் அளவு மாறாது. மையத்தைச் சுற்றி அரைவட்டம் சுழற்றியதும் இதுவும் ஒன்றே.

8. இரண்டு உருவமும் கொடுத்துவிட்டு ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால்

தேர்வில் கை நடுங்க வைப்பது இந்த வகைதான், ஆனால் வேலை குறைவு. முதலில் எந்த முனைக்கு எது ஜோடி என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் நேர்கோட்டால் சேர்த்து நீட்டுங்கள். கோடுகள் சந்திக்கும் இடம் மையம்.

ஓர் உதாரணம். பழைய முனைகள் (5, 4), (6, 4), (5, 7). புதியவை (7, 6), (9, 6), (7, 12). அடிப்பக்கம் 1 இருந்தது 2 ஆனது, ஆகவே காரணி 2. ஜோடிகளைச் சேர்த்து நீட்டினால் மூன்று கோடும் (3, 2)-இல் கூடும். சரிதானா? (3, 2)-இலிருந்து (5, 4)-க்கு வலம் 2, மேல் 2. (7, 6)-க்கு வலம் 4, மேல் 4. சரி.

இரண்டு கோடு போதும், ஆனால் எந்த இரண்டு என்பது முக்கியம். கிட்டத்தட்ட ஒரே திசையில் போகும் இரண்டு கோடுகளை எடுத்தால், அவை வெட்டும் இடம் ஒரு புள்ளியாக இல்லாமல் நீளமான கறையாகத் தெரியும். நன்றாக விரிந்து போகும் இரண்டை எடுங்கள், மூன்றாவதைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேறெங்கோ போனால் ஜோடி மாறியிருக்கிறது. புது உருவம் தலைகீழாக இருக்கும்போது இது அடிக்கடி நடக்கும். மேல் முனைக்கு மேல் முனையைச் சேர்த்துவிடுவார்கள்.

காரணி என்பது புதியதைப் பழையதால் வகுப்பது. ‘எதிலிருந்து எதற்கு’ என்று கேள்வியில் இருப்பதை அடிக்கோடிடுங்கள். திருப்பி வகுத்தால் 2-க்குப் பதில் அரை வரும். மையம் நடுவில் இருந்தால் குறைக் குறியை மறக்கக் கூடாது.

விடையில் மூன்றும் இருக்க வேண்டும்: என்லார்ஜ்மென்ட் என்ற பெயர், காரணி, மையம். ‘பெரிதாகி வலப்பக்கம் நகர்ந்தது’ என்று எழுதாதீர்கள். கேட்டது ஒரே உருமாற்றம். நகர்ந்தது என்று சேர்த்தால் இரண்டாகிவிடும். நகர்ந்ததற்குக் காரணமே மையம்தான்.

9. பரப்பளவுக்கு வரும்போது

முதல் உதாரணத்தில் பழைய முக்கோணத்தின் பரப்பு 1-இன் பாதி பெருக்கல் 2, அதாவது 1 சதுரக் கட்டம். புதியது 3-இன் பாதி பெருக்கல் 6, அதாவது 9. பக்கங்கள் மூன்று மடங்கு, சுற்றளவும் மூன்று மடங்கு, பரப்பு மட்டும் ஒன்பது மடங்கு. நீளமும் அகலமும் தனித்தனியே மூன்று மடங்காவதால் காரணியின் வர்க்கம்.

இரண்டு திசையிலும் ஒரே காரணி இருக்க வேண்டும் என்பதை ஒரு தைப்பூசக் காவடிக்கு மயில் வரைந்தபோது கண்ணால் பார்த்தோம். சிறு படத்தில் ஒரு செ.மீ. கட்டம் போட்டு, அட்டையில் ஐந்து செ.மீ. கட்டம் போட்டுப் பெரிதாக்கினோம். அட்டையின் உயரம் போதவில்லை என்று யாரோ குறுக்குக்கோடுகளை மட்டும் நான்கு செ.மீ. இடைவெளியில் போட்டுவிட்டார்கள். மயில் வாத்தாகிவிட்டது. இரவோடு இரவாக வேறு அட்டை தேடினோம்.

பெண் பிள்ளைகளிடம் கோலத்தை வைத்துக் கேட்பேன். ஐந்து புள்ளிக் கோலத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கு என்றால் உடனே புள்ளியைக் கூட்டுவார்கள். அது வேறு கோலம். புள்ளி ஐந்தாகவே இருக்க, புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் இரண்டு மடங்காக வேண்டும். அதன் பிறகு அடுத்த கேள்வி: மாவு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்? கம்பிக்கோலம் என்றால், இழையின் தடிமன் மாறாத வரை, நீளம்தான் கணக்கு, இரண்டு மடங்கு. உள்ளே வண்ணப்பொடி நிரப்பினால் பரப்பு கணக்கு, நான்கு மடங்கு. இழைக்கு ஒரு விடை, நிரப்புவதற்கு ஒரு விடை என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு வர்க்கத்தை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பரப்பைக் கொடுத்துக் காரணி கேட்டால் திரும்பி வர வேண்டும். பரப்பு 25 மடங்கு என்றால் காரணி 5. 25 என்றே எழுதிவிடுவதும், பாதியாக்கி 12.5 என்று எழுதுவதும் இரண்டுமே வந்திருக்கின்றன. வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

பாத்திரம் மாதிரிக் கனவடிவம் வந்தால் மும்முறை பெருக்க வேண்டும். பொங்கல் பானையை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எட்டுப் பானை அரிசி பிடிக்கும். போன தை மாதம் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு பையன் நம்பவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சின்ன டம்ளரும், அதைப் போல எல்லா அளவிலும் இரண்டு மடங்கான ஒரு சொம்பும் எடுத்துவந்து தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஏழு ஊற்றியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், எட்டாவதில் விளிம்பு வரை வந்துவிட்டது.